புயல் நேரத்தில் ராமநாதபுரத்துக்கு வேலைப் பயணம்: கேள்வி பதில்

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறது. ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வேலைக்கு வந்திருப்பவர்களும் வரப்போகிறவர்களும் கேட்கலாம். கேட்கும்போது ஒன்றை மறக்காமல் எழுதுங்கள்: நீங்கள் பாம்பன் பாலத்துக்கு இக்கரையா, அக்கரையா?

சென்னை, வங்கித் தணிக்கை: அக்கரை அண்ணே, ராமேஸ்வரம். வியாழன் இரவு ரயிலில் திரும்புகிறேன். புயல் வெள்ளி காலைதான் என்கிறார்கள். வியாழன் மாலை வரை வேலை பார்க்கலாமா?

வேண்டாம். புதன் மாலையே தீவை விட்டு வெளியே வாருங்கள். புயல் கரையைக் கடக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. உங்களுக்கு வேண்டியது பாலம் மூடும் நேரம். பழைய ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தவரை, அங்கே காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தொட்டாலே சிவப்பு சிக்னல்தான். வானிலை மையக் கணக்கில் 62 கி.மீ.யில்தான் 'புயல்' என்ற பெயரே வரும். அதாவது புயல் ஆகாத காற்றுக்கே ரயில் நின்றுவிடும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் உறுதியானதுதான். அதற்காகச் சூறைக்காற்றில் ரயில் விடமாட்டார்கள்.

பாலத்தில் ரயில் நின்றால் வண்டியை மண்டபத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ கிளப்புவார்கள். அங்கே போய்ச் சேர உங்களுக்கு இருப்பது 1988இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான். காற்று வலுத்தால் போலீஸ் அதையும் மறிக்கும். பிறகு தீவுக்குள்தான் இருப்பு.

காற்று இல்லாவிட்டாலும் மழை ஆளை முடக்கும். 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

டிக்கெட்டை அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்யாதீர்கள், பிடித்தம் போகும். ரயில்வே வண்டியை முழுதாக ரத்து செய்தால் இ-டிக்கெட் பணம் தானாகத் திரும்பும். 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போகவில்லை என்றால், வண்டி கிளம்புவதற்குள் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும். கிளம்பிய பிறகு போட்டால் பலனில்லை.

பரமக்குடி: செல்போன் ஆப்பில் காற்று அதிகமாகக் காட்டுகிறது, வானிலை மையம் குறைவாகச் சொல்கிறது. எதை நம்ப?

இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. நம் வானிலை மையம் 3 நிமிடச் சராசரியைச் சொல்லும். அமெரிக்கக் கடற்படை மையம் சொல்வது 1 நிமிடச் சராசரி, அது கூடுதலாகத்தான் வரும். ஆப்பில் தெரிவது ஏதோ ஒரு கணினி மாதிரியின் கணக்கு. அந்தக் கணக்கின் முக்கிய ஓட்டங்கள் நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 நிலவரத்தை வைத்து ஓடுபவை. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்த்தால் பேட்டரிதான் தீரும். இன்னொன்று, புயல் பாதைப் படத்தில் வரும் கூம்பு, புயலின் மையம் எங்கே போகலாம் என்பதற்கு மட்டும். காற்றும் மழையும் கூம்புக்கு வெளியிலும் உண்டு.

மண்டபம், டவர் பராமரிப்பு: பாம்பனில் 3ஆம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். 5 வந்தால் கிளம்பவா, 7 வரை பார்க்கலாமா?

5, 6, 7 என்பது படிப்படியாக ஏறுகிற ஆபத்து இல்லை. மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் போகும் என்பதுதான் வித்தியாசம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. 8, 9, 10 அதே வரிசையில் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது. உங்கள் கேள்விக்குப் பதில்: 3இலேயே மூட்டை கட்டுங்கள். டவரில் ஏறும் வேலை இன்றோடு சரி.

தங்கச்சிமடம்: அண்ணே, 5 என்றால் துறைமுகத்துக்கு இடப்பக்கமாகப் புயல் கடக்கும் என்றுதானே பேப்பரில் போடுகிறார்கள்?

அந்த வாக்கியம்தான் குழப்பம். மூல வரையறையில் இடம் வலம் புயலுக்கு, துறைமுகத்துக்கு அல்ல. புயல் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். துறைமுகம் உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் 5, வலக்கைப் பக்கம் இருந்தால் 6. நம் பக்கம் புயல் மேற்கே நகர்ந்து வரும். அப்படியானால் 5 என்பது பாம்பனுக்கு வடக்கே, பாக் நீரிணை வழி. 6 என்பது தெற்கே, மன்னார் வளைகுடா வழி.

தங்கச்சிமடம்: எந்தப் பக்கம் போனால் என்ன, அடி அடிதானே?

இல்லை. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழி. வலப்பக்கத்தில் சுழற்சிக் காற்றோடு நகரும் வேகமும் சேர்கிறது, ஆகவே 6இல் வேகம் கூடுதல். மையம் தெற்கே போனால் வாடையில் தொடங்கி வடகிழக்கு, கிழக்கு என்று காற்று திரும்பும், பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் ஏறும். வடக்கே போனால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். கீழக்கரை, வாலிநோக்கம் பக்கம் தென்கடல் பொங்கும். போன் செத்துப்போனாலும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் இடக்கைப் பக்கம்.

தொண்டி: எங்க ஊர்ல கடல் ஏறவே இல்லையே, உள்வாங்கித்தான் கிடக்கு.

கரைக்காற்று தண்ணீரைத் தள்ளிவைத்திருக்கிறது. காற்று கிழக்கே திரும்பியதும் அதே தண்ணீர் திரும்பி வரும். வெளியே தெரிகிற தரையில் யாரும் இறங்க வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

பெங்களூரு: புயல் கண்டிப்பாக வருமா சார்?

பாலத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

கமுதி, சோலார் பணி: கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறோம். பலகை மாட்டும் வேலையை எப்போது நிறுத்த?

காற்று 30 கி.மீ.யைத் தொட்டதும். 2 சதுர மீட்டர் பலகையில் 40 கி.மீ. காற்று நேராக மோதினால் சுமார் 15 கிலோ அளவுக்குத் தள்ளும். 80 கி.மீ. ஆனால் இரு மடங்கு இல்லை, நான்கு மடங்கு: 60 கிலோ. பாதி போல்ட் முறுக்கிய பலகைதான் முதலில் பிய்த்துக்கொண்டு பறக்கும். ஆகவே புதிதாக ஏற்றாதீர்கள், ஏற்றியதை முழுதாக முறுக்குங்கள். அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் உறை எதையும் வெளியில் விடாதீர்கள்.

திருச்சி: கம்பெனி இன்சூரன்ஸில் லாட்ஜ் செலவு வருமா?

உங்கள் எச்.ஆரைக் கேளுங்கள்.

ராமநாதபுரம், லாட்ஜில்: இக்கரைதான். கையில் என்ன வைத்துக்கொள்ள?

மூன்று நாளுக்கு ஆறு லிட்டர் குடிநீர், டார்ச், பவர் பேங்க், சில்லறை நோட்டாக 3,000 ரூபாய். கரண்ட்டை முன்கூட்டியே நிறுத்துவார்கள், அதன்பின் ஏ.டி.எம்., யு.பி.ஐ. எதையும் நம்ப முடியாது. தகரக் கூரைக்குக் கீழே அறை வாங்காதீர்கள். 1077 மாவட்டப் பேரிடர் எண், 1070 மாநில எண். காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கோவை: புயலுக்கு முன் அரிச்சல்முனை போய்வர நேரம் இருக்குமா?

வேலைக்கு வந்தீர்களா, செல்ஃபிக்கு வந்தீர்களா? இரண்டு பக்கமும் கடல் உள்ள சாலை அது. போகாதீர்கள்.

ஓசூர்: வெள்ளி கடக்கும் என்றால் வியாழன் ராமேஸ்வரம் வரலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மதுரை: இலங்கையைக் கடந்து வலுவிழந்துவிட்டால் மறுநாளே பயணத்தைப் போட்டுவிடலாமா அண்ணே?

2020 டிசம்பரில் புரெவி திரிகோணமலைக்கு வடக்கே கடந்து வலுவிழந்ததுதான். பிறகு மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையை ஒட்டி, நகராமல் நின்று மழை கொட்டியது. மதுரையிலேயே இருங்கள். மையம் நகர்ந்துவிட்டதா, பாலத்தில் ரயில் ஓடுகிறதா, இரண்டையும் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.