மாநில உரிமைக்கான போரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரில் ஆறு வருஷமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வெள்ளைக்காரர், தங்கமான மனுஷர். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் கறிவேப்பிலைச் செடியைத் தன் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றித் தருபவர். போன வாரம் பேச்சு அமெரிக்க உள்நாட்டுப் போர் பக்கம் போனது. "அது அடிமை முறைக்காக நடந்த போர் இல்லை, மாநில உரிமைக்காக நடந்தது. மத்திய அரசு எங்களை ஒடுக்க வந்தது, எங்கள் ஆட்கள் எதிர்த்து நின்றார்கள்" என்றார். நான் மாநில சுயாட்சி பேசிய வீட்டில் வளர்ந்தவன், டெல்லி என்றாலே அப்பா கொதிப்பார். அதனால் அவர் சொன்னது எனக்குள் சட்டென்று ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து தேடினால், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியுமென்றால் அதையே செய்வேன் என்று லிங்கனே 1862-ல் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அடிமை ஒழிப்பு பிற்பாடு ஒட்டவைத்த காரணம்தானா? எட்டாவது படிக்கும் மகள் கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்புடன்,
எம்., ரிச்மண்ட்

அன்புள்ள எம்.,

மாநில உரிமை மேல் உங்களுக்கு இருக்கும் பிடிப்பில் தப்பே இல்லை, எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லை யார் சொன்னாலும் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: எதைச் செய்வதற்கான உரிமை? இதற்கு நீங்களும் நானும் ஊகிக்க வேண்டியதே இல்லை, அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போன தென்மாநிலத்தாரே எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் பிரிந்தது தெற்கு கரோலினா, 1860 டிசம்பர் 20. நாலே நாளில் ஏன் பிரிகிறோம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். அவர்களுடைய முதன்மையான புகாரே வடமாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்துகின்றன என்பதுதான். தப்பி ஓடி வந்த அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கிறார்கள், நியூயார்க்கில் எங்கள் அடிமைகளோடு கடந்து போகக்கூட விடமாட்டேன் என்கிறார்கள், அடிமை முறையை எதிர்க்கும் சங்கங்களை நடத்த விடுகிறார்கள், இப்படியே போகிறது. மிசிசிப்பியின் அறிக்கை இன்னும் நேரடி. எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பின்னிப் பிணைந்தது, உலகத்தின் மிகப்பெரிய பொருளாதார நலன் அதுதான் என்று இரண்டாவது பத்தியிலேயே சொல்லிவிடுகிறது.

நீங்கள் இருக்கும் ரிச்மண்டோடு சம்பந்தப்பட்ட ஒரு கதையைச் சொல்கிறேன், மாநில உரிமை என்ற வாதம் இதில் தெளிவாகிவிடும். ஆன்டனி பர்ன்ஸ் என்று ஓர் இளைஞர், ரிச்மண்டில் கூலிக்கு விடப்பட்ட அடிமை. 1854 தொடக்கத்தில் கப்பல் ஏறித் தப்பி பாஸ்டன் போய்விட்டார். மே மாதம் அங்கே அவரைப் பிடித்தார்கள். 1850-ல் தென்மாநிலத்தார் நெருக்கி வாங்கிய தப்பியோடிய அடிமைகள் சட்டம் அமலில் இருந்த நேரம். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லிச் சாட்சியம் தர முடியாது. விசாரிக்கும் ஆணையர் ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். சாதாரணக் குடிமக்களும் பிடித்துத் தர உதவியாக வேண்டும். எந்த மாநிலத்தின் சட்டமும் இதைத் தடுக்க முடியாது. ஜனாதிபதி பியர்ஸ் எவ்வளவு செலவானாலும் சட்டத்தை நிறைவேற்றுங்கள் என்று தந்தி அடித்தார். ஜூன் 2 அன்று நீதிமன்றத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் தெருவின் இரண்டு பக்கமும் படை நின்றது, பீரங்கி நின்றது. கடைக்காரர்கள் கடையை மூடிக் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். தெருவுக்குக் குறுக்கே 'சுதந்திரம்' என்று எழுதிய ஒரு சவப்பெட்டியைக் கட்டியிருந்தார்கள். பல்லாயிரம் பேர் கத்திக்கொண்டு நிற்க, நடுவில் ஒரே ஒரு மனிதரை நடத்திக்கொண்டு போனார்கள். அவரை ரிச்மண்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் ஊர் ஷாக்கோ பாட்டம் பகுதியிலிருந்த லம்ப்கின் சிறையில் நாலு மாசம் விலங்கு போட்டு வைத்தார்கள். மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வேண்டாம் என்றார்கள், மத்திய அரசு துப்பாக்கியோடு வந்து நடத்திக் காட்டியது. அன்றைக்குத் தென்மாநிலத்தார் யாரும் மாநில உரிமை போய்விட்டதே என்று அழவில்லை. வெற்றி என்றார்கள்.

பிரிந்து போய் அவர்கள் எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்தையும் பாருங்கள். அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் அவர்களது நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றக்கூடாது. அடிமையோடு எந்த மாநிலத்துக்குள்ளும் போய்வர ஆண்டைக்கு உரிமை உண்டு, வேண்டாம் என்று சொல்ல எந்த மாநிலத்துக்கும் உரிமை கிடையாது. அவர்களுடைய துணை ஜனாதிபதி அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21-ல் சவானா நகரில் பேசியபோது, எங்கள் புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பன் வெள்ளைக்காரனுக்குச் சமமில்லை, அடிமையாக இருப்பதே அவன் இயல்பு என்ற உண்மைதான் என்றார். மேடையில் சொன்ன பேச்சு, கைதட்டலும் வாங்கியது.

சரி, ஏன் இவ்வளவு பிடிவாதம்? பணம். 1793-ல் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின் இயந்திரம் வந்ததும் அழிந்துபோகும் என்று பலர் நினைத்த அடிமை முறைக்கு மறு உயிர் வந்தது. 1860-ல் அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி. அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர், அவர்களுக்குச் சந்தை போட்டிருந்த விலையைக் கூட்டினால் நாட்டின் ரயில் பாதைகளும் ஆலைகளும் சேர்ந்த மதிப்பைவிட அதிகம். ஒரே பயிரை வைத்து வைத்து மண் சலித்துப்போகும், அதனால் மேற்கே புது நிலம் வேண்டும், அங்கேயும் அடிமைகளைக் கொண்டுபோக வேண்டும். 1820 சமரசம், 1850 சமரசம், 1854-ல் கன்சாஸ், அங்கே நடந்த வெட்டுக்குத்து, கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் வந்த தீர்ப்பு, எல்லாம் இந்தப் புது நிலச் சண்டைதான். லிங்கன் 1860 தேர்தலில் நின்றபோது, இருக்கும் இடத்தில் அடிமை முறையைத் தொடமாட்டேன், புது நிலத்துக்குப் பரவ விடமாட்டேன் என்று மட்டும்தான் சொன்னார். அதற்கே ஏழு மாநிலங்கள் அவர் பதவி ஏற்பதற்கு முன்பே பிரிந்துவிட்டன. பரவாமல் நின்றாலே செத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, லிங்கனின் கடிதம். அவர் எழுதியது உண்மை. 1862 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியது. அதற்கு ஒரு மாசம் முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தார், ஒரு வெற்றிக்குப் பிறகு வெளியிடக் காத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனாலும் நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தெற்கு பிரிந்தது அடிமை முறைக்காக. வடக்கு போருக்குப் போனது நாடு உடையக்கூடாது என்பதற்காக. அந்தப் போரை விடுதலைப் போராக மாற்றியது யார் என்பதுதான் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் விஷயம். அது முதலில் லிங்கன் இல்லை.

1861 மே 23. பிரிவதற்கு வர்ஜீனியா மக்கள், அதாவது வாக்கு இருந்த வெள்ளை ஆண்கள், வாக்களித்து ஒப்புதல் தந்த நாள். அன்று இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு சின்னப் படகில் ஏறி, ஒன்றியப் படையின், அதாவது வடக்கின், வசமிருந்த மன்ரோ கோட்டைக்குத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்கு பீரங்கி மேடை கட்டும் வேலை அவர்களுக்கு. கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வக்கீல், அடிமை முறையை எதிர்த்தவர் ஒன்றுமில்லை. மறுநாள் தெற்கின் அதிகாரி ஒருவர் வெள்ளைக் கொடியோடு வந்து, எங்கள் ஆட்களை அந்தச் சட்டப்படி திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். அதே 1850 சட்டம், பர்ன்ஸைக் கொண்டுபோன சட்டம். நீங்கள்தான் வேறு நாடு என்கிறீர்களே, என் நாட்டுச் சட்டம் வேறு நாட்டுக்குச் செல்லாது என்றார் பட்லர். நீங்கள் இவர்களைச் சொத்து என்கிறீர்கள், இந்தச் சொத்தை வைத்து எனக்கு எதிராகப் பீரங்கி மேடை கட்டுகிறீர்கள், எனவே போர்ப் பறிமுதல் பொருளாக வைத்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார்.

பறிமுதல் பொருள் என்பது மனிதரைச் சொல்லும் சொல் இல்லைதான். ஆனால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்ற சேதி எப்படியோ பரவியது. இரண்டு மூன்று நாளில் பத்துப் பத்தாக வர ஆரம்பித்தார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிழவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு. ஆகஸ்டுக்குள் வாஷிங்டன் இதற்காகவே சட்டம் போட வேண்டியதாகிவிட்டது. போர் முடிவதற்குள் இப்படி ஒன்றியப் படை இருந்த பக்கம் வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர் என்கிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினால் எதிரிக்குக் கை கொடுத்த மாதிரி, வைத்துக்கொண்டால் அடிமை முறை உடையும். அந்த நெருக்கடியை அரசுக்குக் கொண்டுவந்தது அவர்களுடைய கால்கள். மன்ரோ கோட்டை நிற்கும் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற அந்த முனையில்தான் 1619-ல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கிறது.

போரின் போக்கை எல்லா இடத்திலும் படித்துக்கொள்ளலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 1861 ஏப்ரல் 12 சம்டர் கோட்டையில் தெற்குதான் முதல் குண்டு போட்டது. மூன்று மாசத்தில் முடியும் என்று இரண்டு பக்கமும் நினைத்தார்கள். பருத்தி இல்லாமல் இங்கிலாந்து நம் பக்கம் வந்துதான் ஆகும் என்று தெற்கு கணக்குப் போட்டது, இங்கிலாந்து வரவில்லை, எகிப்திலும் இந்தியாவிலும் வாங்கியது. நம் கரிசல் பருத்திக்கும் அந்த வருஷங்களில் விலை ஏறியது, போர் முடிந்ததும் 1865-ல் பம்பாய்ச் சந்தையே சரிந்து விழுந்தது. 1862 செப்டம்பர் 17 ஆன்டீட்டம் சண்டையில் ஒரே நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சேர்ந்து சுமார் 23,000. அதில் தெற்குப் படை பின்வாங்கிப் போனதைத்தான் லிங்கன் தான் காத்திருந்த வெற்றியாக எடுத்துக்கொண்டார். 1863 ஜனவரி 1-ல் பிரகடனம் அமலுக்கு வந்தது. அந்த ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் தெற்கின் தளபதி லீ தோற்றார், மறுநாளே தெற்கின் கையிலிருந்த விக்ஸ்பர்க் விழுந்தது. கெட்டிஸ்பர்க் பற்றி எழுதுபவர்கள் பலர் விட்டுவிடும் ஒன்றுண்டு. அந்தப் படையெடுப்பில் லீயின் படை பென்சில்வேனியாவில் அடிமைகளாகவே இல்லாத கறுப்பினக் குடும்பங்களையும் பிடித்து, கட்டி, தெற்கே ஓட்டிக்கொண்டு போனது. மாநில உரிமைக்குப் போராடிய படை செய்கிற வேலையா இது?

அப்புறம் கறுப்பினச் சிப்பாய்கள். சுமார் 1,80,000 பேர் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸின் 54-ஆம் படைப்பிரிவு, சமமாகத் தராவிட்டால் சம்பளமே வேண்டாம் என்று வாங்க மறுத்துவிட்டது, குடும்பம் ஊரில் பட்டினி கிடக்க இவர்கள் வாங்காமலே சண்டை போட்டார்கள். 1864 ஜூனில்தான் காங்கிரஸ் இறங்கி வந்தது. தெற்கு இவர்களைப் போர்க் கைதிகளாகக்கூட ஏற்கவில்லை. கடைசியில் ஆள் பற்றாமல் அடிமைகளையே படையில் சேர்க்கலாமா என்று தெற்கில் பேச்சு எழுந்தபோது, ஜார்ஜியாவின் ஹோவெல் காப் 1865 ஜனவரியில் எழுதினார்: அடிமைகள் நல்ல சிப்பாய்கள் ஆவார்கள் என்றால் அடிமை முறை பற்றிய நம் கோட்பாடு முழுக்கத் தப்பு. போரின் காரணம் பற்றி இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1865 ஏப்ரல் 9-ல் லீ சரணடைந்தார். ஆறு நாளில் லிங்கன் இல்லை. டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் வந்து அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. செத்தவர்கள் 6,20,000 என்று நெடுநாள் சொன்னார்கள், 7,50,000 வரை இருக்கும் என்று பிற்பாடு கணக்கிட்டவர்கள் உண்டு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் சொன்னது அவர் கண்டுபிடித்தது இல்லை. தோற்ற பிறகு தெற்கின் ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன் டேவிஸும், மூலைக்கல் பேச்சுப் பேசிய அதே ஸ்டீபன்ஸும் பெரிய பெரிய புத்தகம் எழுதி, அடிமை முறை ஒரு சாக்குத்தான், நாங்கள் அரசியல் சட்டத்துக்காக நின்றோம் என்று மாற்றினார்கள். உங்கள் ஊரில் 1890-ல் லீக்குச் சிலை வைத்தார்கள், 2021 செப்டம்பரில்தான் அது இறங்கியது. 1950-களில் வர்ஜீனியா அரசே எழுதவைத்த பாடநூல்களில் அடிமைகள் சந்தோஷமாக இருந்தார்கள் என்று அச்சிட்டிருந்தது. அவர் அந்த வயதுக்காரராக இருந்தால் அதைத்தான் படித்திருப்பார். தெற்கு கரோலினாவின் அந்த அறிக்கையை அச்செடுத்து, செடியை வாங்கப் போகும்போது கையில் கொடுங்கள், உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

மகளுக்குச் சொல்ல உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. 1865 ஏப்ரல் 3, ரிச்மண்ட் விழுந்த அன்று உள்ளே வந்த கறுப்பினப் படைகளில் 28-ஆம் படைப்பிரிவும் ஒன்று. அதன் போதகர் கார்லண்ட் ஒயிட். சின்ன வயதில் இதே ஊரிலிருந்து விற்கப்பட்டவர். வாங்கியவர் ராபர்ட் டூம்ஸ், ஜார்ஜியாக்காரர், பிற்பாடு தெற்கு அரசின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனவர். ஒயிட் அவரிடமிருந்து கனடாவுக்குத் தப்பிப் போய், திரும்பி வந்து படையில் சேர்ந்தவர். அன்றைக்கு பிராட் தெருவில் கூட்டத்துக்கு நடுவே பேசினார். அப்புறம் சில சிப்பாய்கள் வந்து, ஒரு வயதான அம்மா உங்களைத் தேடுகிறார் என்று அழைத்துப் போனார்கள். அந்த அம்மா வரிசையாகக் கேட்டாள். உன் பேர் என்ன? உன் அம்மா பேர்? நான்சி என்றார். எங்கே பிறந்தாய்? இதே மாநிலம், ஹனோவர் கவுன்டி. எங்கிருந்து விற்றார்கள்? இந்த ஊரிலிருந்து. யார் வாங்கியது? டூம்ஸ். அவனை எங்கே விட்டுப் போனாய்? வாஷிங்டனில். அப்புறம் எங்கே போனாய்? கனடா. இப்போது எங்கே இருக்கிறாய்? ஓஹையோ. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள், "நீ பேசிக்கொண்டிருப்பது உன் அம்மாவோடுதான் கார்லண்ட், மகனை நினைத்து இருபது வருஷம் துக்கத்தில் கிடந்தவள்."

அன்புடன்.