மூடியோரம் கசிகிறது, நிப்பிள் ஒட்டிக்கொள்கிறது

கேள்வி: மகனுக்கு 6 வாரம். தாய்ப்பாலோடு பவுடர் பாலும் தருகிறோம். சாயங்காலமானால் மூன்று மணி நேரம் வீறிட்டு அழுகிறான். கோலிக் (காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுவது) வராமலிருக்க என்று விற்கிற, நிப்பிள் விளிம்பில் வால்வு (காற்று நுழையும் சிறு கீறல்) உள்ள ஆன்டி-கோலிக் பாட்டில் வாங்கினோம். மூடியோரம் கசிந்தது; இறுக்கி மூடினால் நிப்பிள் சப்பையாக ஒட்டிக்கொள்கிறது. பாலுக்குள் குமிழியும் வருகிறது. வேறு பாட்டில் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். குமிழி வருவது பாட்டில் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். பால் வெளியேறிய இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அது குழந்தையின் வாய்க்குப் போகாமல், வால்வு வழியாக நுழைந்து பாலுக்கு மேலே போய்ச் சேர்கிறது.

கசிகிறதே என்று நீங்கள் இறுக்கியதுதான் அடுத்த தொல்லைக்குக் காரணமாக இருக்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் வால்வு திறக்காது. காற்று நுழைய வழியில்லாமல் நிப்பிள் உள்ளே இழுத்துக்கொள்ளும். அழுத்தாமல், கை நிற்கும் இடம் வரை திருகினால் போதும். அப்படித் திருகியும் கசிந்தால் நிப்பிளின் விளிம்பு மூடி வளையத்துக்குள் சமமாக உட்காரவில்லை என்று அர்த்தம். நுனியைப் பிடித்து மேலே இழுத்து, சுற்றிலும் ஒரே மாதிரி பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்பெனி பாட்டிலில் இன்னொரு கம்பெனி நிப்பிளைப் போட்டாலும் கசியும்.

அப்புறம், நிப்பிளை மாட்டிவிட்டுப் பவுடரைக் குலுக்குகிறீர்களா? பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். கரையாத கட்டி வால்வில் போய் அடைத்துக்கொள்ளும். பால் சூடாக இருந்தால் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறி, பாலை வெளியே தள்ளும். சுத்தமான வேறு பாத்திரத்தில் கரைத்து, குடிக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஊற்றி, பிறகு நிப்பிளை மாட்டுங்கள். நடுவில் குழாய் உள்ள வகை வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அதில் குறியிட்ட அளவுக்கு மேல் பால் ஊற்றக்கூடாது, குழாயை மாட்டியபடி சூடாக்கவும் கூடாது.

கொதிக்க வைத்த பிறகு வால்வின் கீறல் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். கழுவிய விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டினால் திறந்துவிடும். ஊசியால் குத்தாதீர்கள், கிழிந்த நிப்பிளைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இத்தனை செய்தும் ஒட்டினால் நிப்பிள் துளை சிறிதாக இருக்கலாம். சப்பிச் சப்பிக் களைத்து, பாதியிலேயே தூங்கிவிடுகிறானா? அடுத்த அளவு போட்டுப் பாருங்கள். மாறாக, கடைவாயில் பால் வழிந்து புரை ஏறினால் வேகம் அதிகம், சிறிய துளைதான் சரி. குழந்தையை ஓரளவு நிமிர்த்தி, பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள். பாட்டில் வகையை விட இந்தப் பழக்கத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

பாட்டில் சரியானாலும் சாயங்கால அழுகை உடனே நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். விழுங்கும் காற்றுதான் கோலிக்குக்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. அழும்போதே குழந்தை நிறையக் காற்றை விழுங்குகிறது. இந்த அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் 3, 4 மாதத்துக்குள் அடங்கிவிடும். அதற்காக வாரம் ஒரு பாட்டில், வாரம் ஒரு பால் பவுடர் என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

ஆனால் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பீய்ச்சியடிக்கும் வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். எடை ஏறவில்லை என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அழுகையைத் தாங்க முடியாமல் உங்களுக்கே கோபம் வருகிறதா? குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள், தவறில்லை. எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்து உலுக்காதீர்கள்.