கிறிஸ்துமஸ் லீவுக்குக் குமரிக்கு வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

நாகர்கோவிலில் பிறந்து, நாகர்கோவிலிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். டிசம்பர் பிறந்தால் சென்னை, கோவை, பெங்களூரு என்று சிதறிக் கிடக்கும் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில் வந்து இறங்கும். அவர்களைக் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்கக் கூட்டிக்கொண்டு அலைந்த அனுபவம்தான் என் தகுதி. இந்த வருஷம் கேள்விகள் நிறைய வந்துவிட்டதால் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, சேலத்திலிருந்து ஐந்து பேர் வருகிறோம். ரயில் டிக்கெட் இப்போதே எடுக்கணுமா? எந்தத் தேதி நல்லது?

எடுத்திருக்கவே வேண்டும் தம்பி. முன்பு 120 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். டிசம்பர் 22, 23 இரவு வண்டி என்றால் அக்டோபர் கடைசியில், திறக்கிற அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். நாகர்கோவிலுக்குக் கிடைக்கவில்லையென்றால் திருநெல்வேலி வரை எடுத்துப் பாருங்கள். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

23 காலை இறங்கி 26 இரவு கிளம்புவது என் கணக்கு. புத்தாண்டை ஒட்டி வராதீர்கள். சபரிமலைக்குப் போய்த் திரும்பும் பக்தர்கள் கார்த்திகையிலிருந்து தை வரை குமரிக்கு வந்துகொண்டே இருப்பார்கள். அதோடு புத்தாண்டுக் கூட்டமும் சேர்ந்தால் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

என் கணவர் முதல் நாளைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறார்: சூரிய உதயம், படகு, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, முட்டத்தில் அஸ்தமனம். முடியுமா?

டிரைவரால் முடியும். உங்களால் முடியாது.

நாங்களும் ஒரு வருஷம் இதே கூத்தை அடித்தோம். பதினான்கு பேர், ஒரு வேன். நாலாவது இடத்தில் என் மாமனார், "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்" என்றார். ஐந்தாவது இடத்தில் அத்தையும் இறங்கவில்லை. ஆறாவதில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கடைசியில் நானும் என் நாத்தனாரும் மட்டும் அருவி முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம். நடுவில் சாப்பாடு, தூக்கம், ஊர்க்கதை. அந்த ஊர்க்கதைக்காகத்தானே இத்தனை பேர் டிக்கெட் எடுத்து வருகிறோம்?

பத்மநாபபுரமும் மாத்தூரும் திற்பரப்பும் மேற்குப் பக்கம். சுசீந்திரமும் வட்டக்கோட்டையும் குமரிப் பக்கம். ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஓடாதீர்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மதியமும் ஒரு மணி நேரம் பூட்டுவார்கள். 1956-இல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே நின்றுவிட்டது. நேரம், விடுமுறை எல்லாம் அவர்கள் கணக்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெறுங்காலில் அந்தக் கருந்தரையின் குளிர்ச்சி ஏறும் பாருங்கள், அதற்காகவே போகலாம். சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வளர்ந்த பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று முரண்டு பிடிக்கிறார்கள்.

அப்பாவுக்கு மூட்டுவலி. விவேகானந்தர் பாறைக்கு வரிசையில் நிற்க முடியாது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். முதல் படகு காலை எட்டு மணிக்கு. ஏழு மணிக்கே வரிசையில் ஒருவரை நிறுத்துங்கள், அப்பா டீக்கடையில் உட்காரட்டும். கூடுதல் கட்டணத்தில் சிறப்பு வரிசையும் உண்டு. முதியவர் இருந்தால் அந்தக் காசைப் பார்க்காதீர்கள். பத்து மணிக்கு மேல் என்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும்.

முன்பெல்லாம் கடல் கொஞ்சம் உள்வாங்கினாலும் வள்ளுவர் சிலைக்குப் படகை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் கவலை இல்லை. ஒரு பாறைக்குப் போனால் இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். அப்பாவைப் பாலத்தோடு நிறுத்திவிடுங்கள், சிலைக்குள் படி ஏற வைக்காதீர்கள். 133 அடியில் பீடம் 38, சிலை 95 என்று கீழே நின்றபடியே பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லட்டும். அறத்துப்பாலின் 38 அதிகாரம்தான் பீடம் என்பதையும் சேர்த்து.

டிசம்பரில் மேகமாக இருக்குமே, சூரிய உதயம் தெரியுமா?

மேகம் நம் கையில் இல்லை. ஆனால் மாதம் சரியான மாதம். இப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உதயம், அஸ்தமனம் இரண்டையும் கடல்மேல் பார்க்கலாம். கோடையில் வருபவர்களுக்கு அந்தி நிலத்துப் பக்கம் ஒதுங்கிவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் உதயம் ஆறரை வாக்கில், அஸ்தமனம் ஆறே கால் ஆவதற்குள். ஐந்து மணிக்கே பிள்ளைகளை எழுப்பி அழ விடாதீர்கள்.

நாங்கள் இந்துக்கள். பிள்ளைகளுக்கு நடுராத்திரிப் பூசை பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா?

வாசலில் யாரும் சாதி, மதம் கேட்பதில்லை அம்மா. தாராளமாக வாருங்கள். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயில்களில் 24 இரவு பதினொன்று, பதினொன்றரைக்குத் தொடங்கும். பன்னிரண்டு மணிக்கு "உன்னதங்களிலே" பாடும்போது மணியடித்து, குழந்தை இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைப்பார்கள், வெளியே வெடி வெடிக்கும். பிள்ளைகள் அந்த நிமிஷத்தில் விழித்திருந்தால் போதும். நற்கருணை வாங்க வரிசை எழும்போது நீங்கள் இருக்கையிலேயே இருந்துவிடுங்கள், அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கு உரியது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் விடியற்காலை ஆராதனை. எங்கள் வீட்டில் பாதி ஆர்.சி., பாதி சி.எஸ்.ஐ., ஆகவே கிறிஸ்துமஸுக்கு எனக்குத் தூக்கமே கிடையாது.

பூசையைவிட எனக்குப் பிடித்தது குடில் பார்க்கப் போவது. சந்திக்குச் சந்தி இளைஞர்கள் கட்டியிருப்பார்கள். பத்து நாளைக்கு முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்த்து, அதைப் பெயர்த்து வயலாக நட்டு, நடுவில் மோட்டார் வைத்து ஆறு ஓட விடுவார்கள். பெத்லகேமில் தென்னந்தோப்பும் இருக்கும், பாலத்தின்மேல் அரசுப் பேருந்தும் போகும்! போன வருஷம் ஒரு குடிலில் இடையர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டீக்கடை, உள்ளே பல்பு எரிய, வாசலில் வாழைத்தார் தொங்கியது. என் தம்பி மகன் அந்த டீக்கடை முன்னாலிருந்து நகரவே இல்லை. 24 இரவு ஏழு மணிக்கு வண்டியை எடுத்து, எந்தத் திட்டமும் இல்லாமல் கிராமம் கிராமமாகப் போங்கள். நட்சத்திரம் எங்கே நிறையத் தொங்குகிறதோ அங்கே இறங்குங்கள்.

பதினைந்து வயது மகன், பதின்மூன்று வயது மகள். எங்கே கூட்டிப் போனாலும் போனைப் பார்க்கிறார்கள்.

இவர்களுக்கு இடம் காட்டி எடுபடாது, கதை சொல்லணும். என்னிடம் ஒன்று இருக்கிறது, நாலு இடமாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

குளச்சல் கடற்கரையில் ஒரு வெற்றித்தூண். 1741-இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம். பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். ராஜா அவரைக் கொல்லவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துவிட்டார். அந்த ராஜா இருந்த அரண்மனைதான் பத்மநாபபுரம். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே மரங்களுக்கு நடுவே இடிந்த சிற்றாலயத்தில் டி லனாயின் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டோடு. அரண்மனை அதிகாரியான நீலகண்ட பிள்ளை அவரிடம் பழகி 1745-இல் கிறிஸ்தவரானார், பெயர் தேவசகாயம். பிறகு அதே ராஜாவின் கைதியாகி, ஏழு வருஷத்தில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது இந்த ஊரே ரோட்டில் இருந்தது.

சிறைப்பட்டவன் தளபதியானதும், அதிகாரி கைதியானதும் ஒரே ராஜாவிடம். இதைக் கேட்டால் உங்கள் மகள் போனை எடுப்பாள், ஆனால் தேடிப் பார்க்க.

26-ஆம் தேதி முழுக்கக் கடற்கரையில் இருக்கலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

இருக்கலாம். ஆனால் அந்தத் தேதி எங்களுக்கு வேறு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் போட்ட நட்சத்திர விளக்குகள் வாசலில் தொங்கிக்கொண்டிருக்க, காலையில் கடல் ஊருக்குள் வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரை ஊர்கள் எல்லாவற்றிலும் சாவு. மணக்குடியில் பாலத்தையே அலை பெயர்த்துப் போட்டது. விவேகானந்தர் பாறைக்குப் போயிருந்தவர்கள் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

இன்றும் 26 காலையில் கல்லறைகளில் மெழுகுவர்த்தியும் பூவுமாக மக்கள் நிற்பார்கள். அதனால் காலையில் கரை ஊர்கள் பக்கம் பாட்டுப் பெட்டியோடு போக வேண்டாம். மாலையில் சங்குத்துறையோ முட்டமோ போய் உட்காருங்கள். கடலில் இறங்கும் எண்ணம் இருந்தால் உள்ளூர் மீன்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். காற்றே இல்லாமல் திடுதிப்பென்று ஏறி வரும் அலையைக் கள்ளக்கடல் என்போம். முட்டத்துப் பாறைமேல் நின்று செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

முந்திரிக்கொத்தில் முந்திரியே இல்லையாமே? வீட்டில் செய்ய முடியுமா?

இல்லைதான். முந்திரி என்றால் இங்கே திராட்சை. மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துபோல இருப்பதால் அந்தப் பெயர் என்பாள் என் பாட்டி. பச்சைப்பயறை வாசம் வர வறுத்துக் கொஞ்சம் கொரகொரப்பாகத் திரிக்கவும். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்கவும். எள், ஏலம், சுக்கு. கருப்பட்டிப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் உதிரும், அவசரப்பட்டால் கை வெந்துபோகும். இதனால்தான் இது தனியாகச் செய்யும் பலகாரமே இல்லை. ஒருத்தி கிளற, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உருட்ட வேண்டும். ஒரு நாள் வைத்து, மறுநாள் மஞ்சள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கிப் பொரித்தெடுங்கள்.

கடையில் வாங்குவதென்றால் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கூடவே அச்சுமுறுக்கு, ஏத்தங்காய்ச் சிப்ஸ், ஒரு சீப்பு மட்டிப்பழம். 25 மதியம் சின்ன ஓட்டல்கள் பல மூடியிருக்கும். தங்குகிற இடத்தில் முந்தின நாளே சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஸ்வெட்டர் எடுத்து வரணுமா?

வேண்டாம். குடை எடுத்து வாருங்கள்.