வெயில் மங்கினால் சுழல்காற்று சிக்கும்

கேள்வி: செவ்வாயில் புழுதிச் சுழல்காற்றை வெயில் மங்குவதை வைத்தே கண்டுபிடிக்கிறார்களாமே? கேமரா இருக்கும்போது இது எதற்கு? இங்கே நாமும் செய்து பார்க்கலாமா? – வாசகி, கோவில்பட்டி

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். கேமரா பார்க்கும் திசையில், அது படம் எடுக்கும் நேரத்தில் சுழல் வந்தால்தான் படத்தில் விழும். 2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான சுழல்கள் அதன் அழுத்தமானியில் பதிவாகின. படத்தில் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

சுழலின் நடுவே காற்றழுத்தம் குறைவு. அது கடக்கும்போது அழுத்தமானியின் வரைகோடு சட்டென்று இறங்கி, கொஞ்ச நேரத்தில் பழையபடி ஏறிவிடும். ஆனால் உள்ளே தூசி இருந்ததா என்பது அழுத்தமானிக்குத் தெரியாது. அதைச் சொல்வது வெளிச்சம். தூசித் தூண் சூரியனை மறைத்தால் வெயில் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து எவ்வளவு தூசி தூக்கியது என்றும் மதிப்பிடலாம். அமெரிக்காவின் நெவாடாவில், வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் ஆய்வாளர்கள் ரால்ஃப் லோரன்ஸும் பிரையன் ஜாக்சனும் அழுத்த உணரி, ஒளி உணரி இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கிய பல தடவை வெயில் மங்கவே இல்லை. புழுதி இல்லாத சுழல்கள் அவ்வளவு! கண்ணால் பார்த்து எண்ணியிருந்தால் அத்தனையும் விட்டுப்போயிருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. சுழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகப் போனால் தூசியில் பட்டுச் சிதறும் ஒளியும் சேர்ந்து, வெளிச்சம் லேசாகக் கூடவும் செய்யும். செவ்வாயில் இருக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மேலே பார்க்கும் ஒளி உணரிகளோடு பக்கவாட்டில் பார்ப்பவையும் இருப்பது இதற்கு நன்றாக உதவுகிறது. அது இறங்கிய ஜெசிரோ பள்ளத்தில் சாதாரணமாக நாளொன்றுக்கு நான்கு சுழல்களாவது கடக்கின்றன. 2021 செப்டம்பர் 27 அன்று சுமார் 25 மீட்டர் அகலமுள்ள ஒன்று ஊர்தியின் மேலேயே ஏறிப் போனது. அதன் சத்தம்கூட மைக்கில் பதிவானது.

இதில் செவ்வாய்க்குப் போன கலங்களின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. 2005 மார்ச்சில் ஸ்பிரிட் ஊர்தியின் சூரியத் தகடுகளைக் காற்றே துடைத்துவிட, மின்சாரம் கூடியது. இன்சைட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தகடுகளில் தூசி படிந்து படிந்து, 2022 டிசம்பரோடு பூமியுடன் அதன் பேச்சு நின்றது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். அறுவடை முடிந்த கரிசல் காடு இதற்கு அருமையான இடம். ஆண்ட்ராய்டு போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை ஏற்றினால் வெளிச்ச அளவு வரைகோடாக வரும். அழுத்த உணரி சில போன்களில்தான் இருக்கும். இருந்தால் அதையும் ஓடவிடுங்கள். நேர் வெயிலில் வெளிச்ச உணரி திணறினால் மேலே ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். போன் சீக்கிரம் சூடாகும், அதனால் விட்டுவிட்டுப் பதியுங்கள். மேக நிழலும் வெளிச்சக் கோட்டை இறக்கும். ஆனால் அதே நொடியில் அழுத்தம் சட்டென்று இறங்கி ஏறாது. அப்புறம், சுழலுக்குள் ஓடிப்போய் நிற்க வேண்டாம். கண்ணில் மண் விழும்.