200 பெரிதா, 17.6 பெரிதா? (படிவம் 5 இயற்பியல்)

‘அணுக்கருப் பிளவில் (கனமான கரு உடைவது) 200, இணைவில் (இலேசான கருக்கள் சேர்வது) 17.6 என்றால், இணைவில்தான் ஆற்றல் அதிகம் என்பது எப்படி?’ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட இரண்டு எண்களும் சரி, இணைவில்தான் ஆற்றல் அதிகம் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் சரி. ஒரு வினைக்குப் பிளவு அதிகம் தரும். ஒரே எடை எரிபொருளுக்கு இணைவு அதிகம் தரும்.

200 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) என்பது ஒரு யுரேனியம்-235 கரு உடையும்போது வருவது. 17.6 என்பது ஒரு டியூட்டிரியமும் ஒரு டிரிட்டியமும் (இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள்) சேரும்போது வருவது. உடைவது மிகப் பெரிய கரு. அநேகமாக அங்கேதான் குழம்பியிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட் சாலையோரக் கடையில் டுரியானைக் கிலோ விலையில் ஒப்பிடுவதுபோல் இதையும் ஒப்பிட வேண்டும்.

கருவின் எடையைத் தீர்மானிப்பது அதிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை. ஆற்றலை அந்த எண்ணிக்கையால் மகளையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்:

1. பிளவு: 235-உடன் மோதும் நியூட்ரான் 1, ஆக 236. 200 ÷ 236 = சுமார் 0.85.
2. இணைவு: 2 + 3 = 5. 17.6 ÷ 5 = சுமார் 3.5.

நான்கு மடங்கு வித்தியாசம்.

உடைந்தாலும் சேர்ந்தாலும் ஆற்றல் வருவது எப்படி என்று அவள் கேட்டால், அருமையான கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். இரும்பு, நிக்கல் அளவிலான கருக்களே மிக இறுக்கமாகப் பிணைந்தவை. கனமானவை உடைந்தும் இலேசானவை சேர்ந்தும் அந்த இறுக்கத்தை நெருங்குகின்றன. குறையும் நிறை ஆற்றலாகிறது.

ஒன்றில் மட்டும் கவனம்: தேர்வில் ‘ஒரு வினைக்கு’ என்று கேட்டால் வகுக்கக் கூடாது. இணைவில் ஆற்றல் அதிகம் என்பதால் மின்சாரமும் அதிலிருந்து வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பிளவு உலை 1954-லேயே சோவியத் ஒன்றியத்தின் ஒப்னின்ஸ்கில் மின்கட்டமைப்புக்கு மின்சாரம் கொடுத்தது. இணைவு இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.