உபதேசியாரம்மா பதில்கள்: "ஏன் எடுத்தீர்" என்று கேட்டால் பாவமா?

கேள்வி: துக்க வீட்டுக்குப் போனால் என்ன வசனம் சொல்லித் தேற்றுவது? வாலிபர் சங்கச் செயலாளராக இருப்பதால் போகாமல் இருக்க முடிவதில்லை.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: போங்க தம்பி. வசனத்தை மட்டும் பையிலேயே வைத்திருங்கள். பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபுவைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் ராவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் நல்ல மனுஷர்கள்தான். அப்புறம் வாயைத் திறந்தார்கள் பாருங்கள், வாதம் இருபது அதிகாரத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில், என்னைக் குறித்து யோபு பேசினதுபோல நீங்கள் பேசவில்லை என்று கடவுளே கோபித்துக்கொண்டார். நீங்கள் போனால் நாற்காலி எடுத்துப் போடுங்கள், வருகிறவர்களுக்கு டீ கொடுங்கள், குழி வெட்ட ஆள் பிடித்துக் கொடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது அடுத்த கடிதத்தைப் படித்தால் தெரியும்.

கேள்வி: அம்மா, எங்கள் மகன் போன ஆடியில் பெருந்துறை ரோட்டில் லாரி மோதி, 11 நாள் ஐ.சி.யு.வில் கிடந்து போய்விட்டான். வயது 19. நாங்கள் தறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள். 11 நாளும் சபையார் உபவாசம் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர் "எழுந்து நடப்பான்" என்று அடித்துச் சொன்னார். இப்போது அவரே "உங்களுக்கு விசுவாசம் பத்தலை" என்கிறார். என் மாமியார் வகையிலோ, "குலதெய்வத்தை விட்டுட்டு அந்தப் பக்கம் போனீங்கல்ல, அதான்" என்கிறார்கள். வீட்டுக்காரர் சர்ச்சுக்கு வருவதையே விட்டுவிட்டார். நான் போகிறேன், ஆனால் பாட வாய் வரமாட்டேன் என்கிறது. ராத்திரியில் "ஏன் எடுத்தீர்" என்று கேட்டபடியே படுத்திருக்கிறேன். இது பாவமா? இன்னொன்று, அவன் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. தோல் செருப்பு, முதல் சம்பளத்தில் வாங்கியது. எடுத்துப் போடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், காங்கேயம் பக்கம்

பதில்: அம்மணி, நீ என்றே எழுதுகிறேன். உனக்கு என் மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

பாவமில்லை. அதை முதலில் சொல்லிவிட்டேன், மிச்சத்தை மெதுவாகப் படி.

உன் மாமியார் வீட்டாரும் அந்த ஊழியக்காரரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு பேரும் போடுவது ஒரே கணக்கு. நீ எதையோ பாக்கி வைத்தாய், மேலே இருந்து வசூல் பண்ணிக்கொண்டார்கள் என்கிற கணக்கு. அவர்களுக்குக் கிடாயும் பொங்கலும் பாக்கி, இவருக்கு விசுவாசம் பாக்கி. நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை. இயேசுவே அதை ஒத்துக்கொள்ளவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை லூக்கா 13-ல் அவர் எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அந்தப் பதினெட்டுப் பேர் குற்றவாளிகளா என்று கேட்டுவிட்டு, அப்படியல்ல என்கிறார். மனந்திரும்பச் சொல்வது கேட்டுக்கொண்டு நின்ற உயிரோடிருப்பவர்களை. செத்தவர்கள்மேல் ஒரு பழியும் போடவில்லை.

மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதே. பேரனைப் பறிகொடுத்தவர், அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. ஊழியக்காரர் விஷயத்தில்தான் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. விசுவாசம் போதாததால்தான் ஜெபம் பலிக்கவில்லை என்றால், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெத்செமனேயில் கேட்ட இயேசுவுக்கு விசுவாசத்தில் என்ன குறைச்சல்? அப்போஸ்தலர் பவுல் தன் உடம்பை வாட்டிய முள் நீங்க மூன்று தரம் கேட்டார், முள் அப்படியேதான் இருந்தது. அந்த ஊழியக்காரர் மறுபடி வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடு.

என் கதையைச் சொல்கிறேன். 1992, பொங்கல் லீவு. கீழ்பவானி வாய்க்காலில் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டிருந்த சமயம். என் இரண்டாவது பையன், 11 வயது, கூட்டாளிகளோடு குளிக்கப் போனான். வாய்க்கால் தண்ணீர் மேலே பார்த்தால் அசையாத மாதிரி இருக்கும், அடியில் இழுக்கும். சாயங்காலம் ரொம்ப தூரம் தள்ளி ஒரு மதகில் கிடைத்தான். வீட்டுக்காரர் அப்போது மூன்று ஊர்ச் சபைக்கு உபதேசியார். எத்தனையோ பேரை அடக்கம் பண்ணிய மனுஷன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு நின்றார், வசனத்தை வாசித்தார், வேதப் புத்தகத்தை மூடினார், இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் யாரோ ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். ஆண்டவருக்கு ஒரு பூ வேண்டியிருந்தது, நம் தோட்டத்தில் பறித்துக்கொண்டார் என்று ஒரு அம்மா சொன்னபோது, "என் பிள்ளை என்ன செவ்வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஒன்றும் சொல்லாதவர் ஒரே ஒருத்தர். பக்கத்து வீதி ஆத்தா, சர்ச்சில் கடைசிப் பாயில் உட்காருவார், எழுதப் படிக்கத் தெரியாது. தினம் பத்து மணிக்கு ஒரு தூக்குப் போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்து வைப்பார். மூடியைத் திறந்தால் நெய்யும் சின்ன வெங்காயமும் மணக்கும். வைத்துவிட்டு, நேற்றைய போசியை எடுத்து, என் வாசலைக் கூட்டிவிட்டுப் போவார். ஜெபம் பண்ணட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு மாதம் கழித்து நானே சொன்னேன், "எனக்கு ஜெபமே வரமாட்டீங்குதுங்க ஆத்தா." அவர் விளக்குமாற்றைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அதை நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ சோத்தை உண்ணு" என்றார்.

அந்த ஆத்தா சொன்னது வேதத்திலேயே இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். மாற்கு 2. திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது *அவர்கள்* விசுவாசத்தை. படுக்கையில் கிடந்தவன் நம்பினானா இல்லையா என்று ஒரு வரி இல்லை. அதனால் பாட்டு வரவில்லையா, விடு. சும்மா உட்கார்ந்திரு. பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும்.

அப்புறம் உன் "ஏன்". 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரிப் புலம்பல்தான். 88-ம் சங்கீதத்தைப் படித்துப் பார். மற்றவற்றில் பெரும்பாலானவை புலம்பிவிட்டுக் கடைசியிலாவது துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. 18 வசனமும் இருட்டு. அதையும் யாரும் கிழித்துப் போடாமல் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். லாசரு செத்தபோது அவன் சகோதரி மார்த்தாள் இயேசுவின் முகத்துக்கு நேரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்றாள். அவர் திட்டவில்லை, கொஞ்ச நேரத்தில் அவரே அழுதார். நானும் இத்தனை வருஷமாக அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை, கேட்பதையும் விடவில்லை.

யோபுவுக்கு எல்லாம் ரெட்டிப்பாகக் கிடைத்ததே, உனக்கும் கிடைக்கும் என்று சிலர் வருவார்கள். ஆடு 7,000 இருந்தது 14,000 ஆனது உண்மை. பிள்ளைகள் முன்னேயும் பத்து, பின்னேயும் பத்து. ரெட்டிப்பு இல்லை. செத்த பத்துப் பேரும் வீடு திரும்பவும் இல்லை.

வீட்டுக்காரரைச் சர்ச்சுக்கு இழுக்காதே. என் வீட்டுக்காரர் மறுபடி பிரசங்கம் பண்ண ஏழு மாதம் ஆனது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்க மட்டும் ஆள் விடாதே. வாளியையும் மட்டையையும் அவர் கையில் கொடுத்து, நீயும் கூடப் போ. கையில் வேலை இருந்தால்தான் சில ஆம்பளைகளுக்கு அழுகையே வரும்.

செருப்பு அங்கேயே கிடக்கட்டும், அம்மணி. என் பையனுடைய காக்கி டவுசர் ஒன்று இன்னமும் பீரோவில் இருக்கிறது. மழை வந்தால் மட்டும் உள்ளே எடுத்து வை. தோல் என்று எழுதியிருக்கிறாய், நனைந்தால் விறைத்துப்போகும். அப்பப்போ கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவு.