கார்பெட்டில் விழுந்த சூடு: கேள்வி-பதில்

சிகரெட் கங்கு விழுந்து மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி. ஷாம்பூ போட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லையே?

போகாது. அது அழுக்கில்லை, கரி. தேய்க்கத் தேய்க்கப் பக்கத்து இழைகளிலும் அப்பிக்கொள்ளும்.

முதலில் கார்பெட் எதனால் ஆனது என்று தெரியவேண்டும். புள்ளியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் பெரும்பாலும் கம்பளி. கெட்டியான மணிபோல நெருடினால் நைலான், பாலியெஸ்டர் மாதிரி செயற்கை இழை. சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சீக்கிரம் தானாகவே அணையும். செயற்கை இழை உருகிச் சுருண்டு உருண்டையாகிவிடும்.

கம்பளி என்றால் உப்புத்தாளை மடித்து, அதன் முனையால் லேசாக நாலு இழுப்பு இழுத்தாலே நுனிக்கரி உதிர்ந்துவிடும். செயற்கை இழைக்கு நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோல் போதும். அதைப் படுக்கவைத்துப் பிடித்து, கருகிய நுனியை மட்டும் துளித்துளியாக எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் வேக்கூம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு, எழுந்து நின்று பாருங்கள். குனிந்து பார்க்கும்போது பூதாகரமாகத் தெரிவது நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். கடைசியில், பள்ளம் தெரியாமலிருக்கச் சுற்றியுள்ள இழைகளையும் ஒரு மயிரிழை குறைத்துவிடுங்கள். ஒரேயடியாக வெட்டித் தீர்த்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள் அடுத்த கேள்வியோடு வந்து நிற்பார்கள்.

நான் வெட்டிவிட்டேன். இப்போது அடித்துணி தெரிகிறது.

சரி. பட்டாணி அளவு என்றால் ஒட்டுப்போட வேண்டாம். அலமாரிக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியிலிருந்து ஒரு சிட்டிகை இழையைக் கத்தரித்தெடுங்கள். அடித்துணியில் பல்குத்தும் குச்சியால் பசையை மெல்லிசாகத் தடவி, இடுக்கியால் இழைகளை நட்டுவையுங்கள். பசை காய்ந்தபின் உயரத்தைச் சமன்செய்தால் போதும்.

அதைவிடப் பெரிதென்றால் ஒட்டுத்தான். ஒரு மூடியை அச்சாக வைத்துக் கருகிய இடத்தை வட்டமாக அறுத்தெடுங்கள். அடியில் இருக்கும் மெத்தையில் பிளேடு படக்கூடாது. அதே மூடியை வைத்து, கார்பெட் போட்டபோது மிஞ்சிய துண்டிலிருந்து இன்னொரு வட்டம். பலர் கோட்டைவிடுவது இழையின் சாய்வில்தான். கார்பெட்டைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகப் போகும், எதிர்ப்பக்கம் முரண்டுபிடிக்கும். துளைக்குப் பக்கத்திலும் துண்டின் மேலும் அந்தத் திசையைச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அம்புகள் இசையாவிட்டால், எவ்வளவு கச்சிதமாக அறுத்திருந்தாலும் வெளிச்சத்தில் வட்டம் தனியாகத் தெரியும். துளையைவிட அகலமான இருபுறப் பசைநாடாவைத் துளை வழியாக உள்ளே செருகி, விளிம்பில் பசை தடவித் துண்டைப் பதியுங்கள். இரவு முழுக்க மேலே கனமான புத்தகங்கள் இருக்கட்டும். மறுநாள் ஊசிமுனையால் ஓர இழைகளைக் கோதிக் கலந்துவிடுங்கள். புதுத்துண்டு கொஞ்ச நாள் பளிச்சென்றுதான் இருக்கும். கால்பட்டு மங்க நேரமாகும்.

இஸ்திரிப் பெட்டியைக் கார்பெட்டில் வைத்துவிட்டேன். பளபளவென்று முக்கோணமாக இறுகிவிட்டது.

கார்பெட்டுக்குப் பயன்படும் செயற்கை இழைகளில் ஒன்றான பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகும். பருத்திக்கு வைக்கும் சூடு ஏறத்தாழ 200. ஒரு நொடி போதும். உருகி ஒட்டிய இழையைப் பிரிக்க எந்தத் திரவத்தாலும் முடியாது. நுனி மட்டும் இறுகியிருந்தால் வெட்டலாம், அடிவரை போயிருந்தால் ஒட்டுப்போடலாம். அவ்வளவு பெரிய ஒட்டு வீட்டில் செய்தால் எனக்கே திருப்தியாக வராது. என் வீட்டு முக்கோணத்தின் மேல் ஒரு பூந்தொட்டி நிற்கிறது, வருடக்கணக்காக.

கம்பளிக் கார்பெட்டில் லேசான பழுப்பு. பிளீச் போடலாமா?

வேண்டவே வேண்டாம். குளோரின் பிளீச் கம்பளியையே கரைத்துவிடும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு ஒற்றிப் பார்க்கலாம். சாயத்தையும் வெளுக்கக்கூடியது என்பதால் கண்ணில்படாத மூலையில் முதலில் சோதியுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.

வளையம் வளையமாக நெய்த கார்பெட் இது. நுனியை வெட்டலாமா?

கருகிய வளையத்தை மட்டும் அடியோடு வெட்டி, அந்த இடத்தில் பசையிட்டு வேறொரு வளையத்தை ஒட்டுங்கள். பிடித்து இழுத்துவிடாதீர்கள். ஸ்வெட்டர் பிரிவதுபோல் வரிசையே கழன்று வரும்.

கையால் முடிச்சுப் போட்ட பழைய கம்பளம்?

பசையைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். மறுமுடிச்சுப் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

புள்ளி போய்விட்டது. தீய்ந்த வாசனை போகவில்லை.

சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் உறிஞ்சியெடுங்கள். அப்புறமும் வாசனை வந்தால் அது மேலே இல்லை, அடிமெத்தை கருகியிருக்கிறது. மூலையிலிருந்து கார்பெட்டைக் கிளப்பிப் பார்த்து, கருகிய நுரையை வெட்டியெடுத்துவிட்டு அதே கனத்தில் வேறொரு துண்டை வையுங்கள்.